மலைக்கு ரயில் விட்டவள்

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு இருந்தது. தடுப்பில் ஒரு ஓட்டை. அதை நான் போடவில்லை. எனக்கு முன்னால் அந்த இடத்தில் செல்போன் கடை வைத்திருந்தவர் ஒயர் இழுக்கப் போட்டது. அடைக்காமல் வைத்திருந்தது மட்டும் நான். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற சாலையில் இந்தப் பக்கம் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, அந்தப் பக்கம் அவளுடைய ஜெராக்ஸ் கடை. ஓட்டையில் கண்ணை வைத்தால் அவள் லேப்டாப் திரை நேராகத் தெரியும். நாலு வருடம் அதன் வழியாகத்தான் பொறாமைப்பட்டேன். ஒரு மனுஷனுக்குப் பொறாமைப்பட இவ்வளவு நேரம் கிடைக்குமா என்று நீங்கள் கேட்கலாம். சர்வீஸ் கடையில் கிடைக்கும்.

குள்ளமான ஆள். பின்னலில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் தாலியோ சிலுவையோ தொங்காது, ஷட்டர் சாவி தொங்கும். கூடவே வீட்டுச் சாவி, ஒரு பென்டிரைவ். யோசனை வந்தால் சாவியைக் கடிப்பாள். ஆதார் நகல், பட்டா நகல், பரீட்சை விண்ணப்பம் என்று வருகிறவர்களை அனுப்பிவிட்டு, அடுத்த ஆள் வருவதற்குள் கேம் விளையாடுவாள். அதுவும் லினக்ஸில்.

இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்பதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம், அதாவது கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள், இருக்கும். ஒன்று விண்டோஸ், இன்னொன்று லினக்ஸ். பிள்ளைகள் லேப்டாப் வாங்கிய கையோடு என் கடைக்கு வருவார்கள். "ண்ணா, அந்த இன்னொண்ண எடுத்துடுங்க. எடத்த அடைச்சிக்கினு கீது." எடுத்துவிடுவேன். சங்கராபுரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் லினக்ஸை அதிகம் அழித்த கை இந்தக் கைதான். அவள் கடை திறந்த முதல் வாரம், தான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ண்ணா, இதுல ஒரு சிஸ்டத்த எடுக்கணும்."

"லினக்ஸ்தானேம்மா? குடு, பத்து நிமிஷம்."

"இல்லண்ணா. இன்னொண்ண."

நான் அவளை மேலும் கீழும் பார்த்தேன். பிரியாணிக் கடைக்கு வந்து ரைத்தா மட்டும் பார்சல் கேட்கிற ஆளைப் பார்ப்பது போல.

"நானே எடுத்துக்கறேன். ஒரு பென்டிரைவ் மட்டும் குடுங்க, நாளைக்கித் தந்துடறேன்" என்றாள். மறுநாள் காலையில் தந்தும்விட்டாள். அதுவரை என்னிடம் பென்டிரைவ் வாங்கிப் போனவர்கள் யாரும் திருப்பித் தந்ததில்லை. அதிலேயே எனக்கு ஒரு எரிச்சல்.

என் கடையில் அப்போது ஒரு மிஷின் இருந்தது. விற்பதற்கு இல்லை, நான் கேம் ஆட. உள்ளே ஆறு விசிறி, ஏழு கலர் விளக்கு. ஆயுத பூஜைக்கு நான் தனியாக சீரியல் பல்பு வாங்கியதே இல்லை. நூற்று நாற்பது கேம் வைத்திருந்தேன். கடைக்கு யார் வந்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் இந்த எண்ணிக்கையைச் சொல்லிவிடுவேன். பிரிண்டருக்கு மை ஊற்ற வந்த ஒரு தமிழாசிரியர், "அதில் எத்தனை ஆடி முடித்தீர்கள்?" என்று கேட்டார். மூன்று. அவருக்கு மை கொஞ்சம் குறைவாக ஊற்றினேன்.

ஒரு முறை நான்குமுனைச் சந்திப்பில் பள்ளம் தோண்டியபோது கேபிள் அறுந்து, எங்கள் வரிசைக்கே நாலு நாள் நெட் இல்லை. என் கேம் ஒவ்வொன்றும் திறக்கிறதற்கு முன்னால், 'நீ நீதானா' என்று அதை விற்ற இணையக் கடையிடம் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். கேட்க வழியில்லை. ஏழு கலர் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் விளையாடுகிற சத்தம் கேட்டது. எழுந்து போனேன்.

"உனக்கு மட்டும் எப்படிம்மா தொறக்குது?"

"ஏண்ணா, நூத்தி நாப்பதுல ஒண்ணு கூடவா தொறக்கல?"

"வித்தவன கேட்டுட்டுத்தான் தொறக்கும்."

"காசு குடுத்துதான வாங்கினீங்க?"

"குடுத்துதான் வாங்கினேன்."

அவள் கழுத்துச் சாவியைக் கடித்துக்கொண்டே கேட்டாள். "சாவி யார்கிட்ட கீது?"

இதுதான் அவள். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். அவளிடம் இருந்தது மொத்தமே பதினோரு கேம். பாதி, எழுதினவர்களே எடுத்துக்கொள் என்று இலவசமாகக் கொடுத்தவை. மீதி, காசு கொடுத்து ஃபைலாகவே வாங்கியவை. வாங்கியதும் விற்றவனுக்கும் அவளுக்கும் உறவு முடிந்தது. நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்றவன் கடையையே மூடிவிட்டுப் போனாலும் அது ஓடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் கழுத்தில், ஒரு நகல் வீட்டு அரிசி டப்பாவில். பதினொன்றையும் 'என்னுது' என்று சொல்வாள். அந்த 'என்னுது'வில் இருந்த அழுத்தம் என் நூற்று நாற்பதில் எதற்கும் வரவில்லை. தனியாக இருக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். அவள் ஊர் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையைத் தாண்டி. ஆறாம் வகுப்பிலிருந்து கீழே ஒரு ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். "ஏழு வருஷம் என் டிரங்குப் பொட்டி சாவி வார்டனம்மா வளையத்துல கெடந்துச்சிண்ணா. மாத்துத் துணி எடுக்கக்கூட கைய நீட்டிக்கினு நிக்கணும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். உடனே ஒருவர் ரேஷன் கார்டு நகலுக்கு வந்தார், பேச்சு அதோடு போயிற்று.

லினக்ஸுக்காக எழுதாத கேமையும் அவள் அதில் ஓடவைப்பாள். அதற்கு வழிகள் உண்டு. ஆனால் சுலபமில்லை. மூன்று நாள், நாலு நாள், உதட்டில் சாவியோடு உட்கார்ந்திருப்பாள். மௌஸைத் தொடமாட்டாள். கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து, அதில் கட்டளைகளை எழுத்தாக அடிப்பாள். நேற்று அடித்ததை இன்று மறுபடி அடிக்கமாட்டாள். மேல் அம்புக்குறியைத் தட்டுவாள், பழைய வரி ஒவ்வொன்றாக வரும். "இது எதையும் மறக்காதுண்ணா. எப்பவோ அடிச்சது கூட உள்ள இருக்கும்" என்பாள். இடையில் தனக்காகச் சில வரி எழுதி வைப்பாள். வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாதாம். "அது மிஷினுக்கு இல்ல, எனக்கு" என்று சொன்னாள். இதெல்லாம் நான் காதில் வாங்கினேன். மண்டையில் ஏற்றவில்லை. கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவனிடம் ஒரு ஜெராக்ஸ்காரி கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னால் மண்டையில் ஏறுமா?

ஆனால் என்னை உண்மையில் பொசுக்கியது வேறு. ரயில்.

கள்ளக்குறிச்சிக்கு ரயில் என்பது எங்கள் ஊரில் ஒரு பேச்சு. என் அப்பா பேசினார், நானும் பேசினேன். ரயில் ஏற வேண்டுமென்றால் சின்னசேலத்துக்கு பஸ் பிடிக்கவேண்டும். இவள் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கள்ளக்குறிச்சிக்கு ரயில் விட்டாள்.

அது ஒரு விளையாட்டு. ஆகாயத்திலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு நிலம் தெரியும். மலை, ஆறு, ஊர் எல்லாம் நாமே வைத்துக்கொள்ளலாம். தண்டவாளம் போட்டு, ஸ்டேஷன் கட்டி, ரயில் ஓட்ட வேண்டும். பெட்டி தீப்பெட்டி அளவுதான் இருக்கும். யாரும் யாரையும் சுடமாட்டார்கள். அவள் அதில் எங்கள் மாவட்டத்தையே வைத்திருந்தாள். கோமுகி அணை இருந்தது, நான்குமுனைச் சந்திப்பு இருந்தது, மேற்கே மலை இருந்தது. சின்னசேலத்திலிருந்து ஊருக்கு முதல் ரயில் வந்த அன்று பட்டா நகல் எடுக்க வந்த நாலு பேர் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு கும்பல்தான். மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர், "எங்க ஊருக்கு எப்பம்மா வரும்? கரும்பு ஏத்தலாமா?" என்று கேட்டார்.

"வர்ற வாரங்க. கரும்பும் ஏத்தலாம், நீங்களும் ஏறலாம்."

"எறங்கறதுக்கு நம்ம கொல்லையாண்ட ஒண்ணு போட்டுடும்மா."

போட்டுவிட்டாள். ஸ்டேஷனுக்கு நாம் விரும்பிய பேர் வைக்கலாம். விவசாயி பேரில் ஒன்று வைத்தாள். எதிர்க்கடை டீ மாஸ்டர் பேரில் ஒன்று. அந்த மனுஷன் அன்றிலிருந்து அவளுக்கு ஸ்ட்ராங்காக டீ போட்டுத் தானே எடுத்து வந்தார், எனக்கு வரும்போது ஆறிப்போயிருக்கும். கடைசியில் எங்கள் வரிசையில் படுத்துக்கிடக்கும் நாய்க்கும் ஒரு நிறுத்தம் வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

நான் கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்ன ஆவது? என்னிடம் நூற்று நாற்பது கேம் இருக்கிறது. ஆகவே ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புது ஸ்டேஷனுக்கும் என் பேர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீ மாஸ்டர் விடவில்லை. "இன்னா தம்பி, உன் ஸ்டேஷன் எங்க?"

"எனக்கு எதுக்குண்ணே அதெல்லாம்."

"பக்கத்துக் கடையா இருந்துக்கினு ஒண்ணு கூட வாங்கலியா? நாய்க்கே கீதுப்பா!"

கடை முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்புக்கு எனக்கு ஒரு விருது தரலாம்.

ஆடிக்குப் பிறகு அவள் மலைமேல் பாதை போட ஆரம்பித்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், அங்கிருந்து வளைந்து வளைந்து வெள்ளிமலை. நேராக ஏற்றினால் ரயில் பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். வளைத்துக் கொண்டுபோக வேண்டும். மூன்று மாதம் போட்டாள், அழித்தாள், போட்டாள். மலையில் மரவள்ளி பயிர் வைத்திருக்கிற அவள் அப்பா ரயிலையே நேரில் பார்த்ததில்லையாம். "வர்ற வெள்ளிக்கெழம அப்பா கீழ வர்றாரு. அன்னிக்கி வெள்ளிமலைக்கு மொத ரயிலு" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். டீ மாஸ்டர் கேசரி கிண்டுவதாகச் சொன்னார்.

புதன்கிழமை அவள் லேப்டாப் விசிறி கரகரவென்று கத்த ஆரம்பித்தது. என்னிடம்தான் கொண்டுவந்தாள்.

"வெள்ளிக்கெழமக்குள்ள ஆயிடுமாண்ணா?"

"நாளைக்கே தரேன். மாத்திட்டு ஓட்டிப் பாக்கணும், பாஸ்வேர்டு சொல்லு."

அவள் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது. அப்புறம் பின்னலிலிருந்து பேனாவை உருவி, மை சரியாக விழாமல் கெட்டுப்போன ஒரு ஜெராக்ஸ் தாளின் பின்னால் எழுதிக் கொடுத்தாள். "இத நான் யாருக்கும் குடுத்ததில்லண்ணா."

நான் விசிறியை நன்றாகத்தான் மாற்றினேன். அதில் எனக்குத் தொழில் சுத்தம் உண்டு. மாற்றிவிட்டு, பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனேன். கறுப்பு ஜன்னல் திறந்தது. ரயில் விளையாட்டின் மொத்த உழைப்பும் ஒரே ஒரு ஃபைல், 'மலை' என்று பேர். எந்த எண்ணமும் இல்லாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல ஆசை. எதிரில் டீ மாஸ்டர் முந்திரி வறுக்கிற வாசனை, கேசரிக்கு ஒத்திகை. எனக்கு நாய் ஞாபகம் வந்தது.

லினக்ஸில் எப்படி அழிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. மொத்தமாகத் துடைத்திருக்கிறேனே தவிர, ஒரு ஃபைலை அழித்ததில்லை. போனில் தேடிப் பார்த்தேன். இரண்டே எழுத்து, பக்கத்தில் ஃபைலின் பேர். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவை போய்விட்டது. நான் லினக்ஸில் கற்றுக்கொண்ட முதல் கட்டளை இதுதான். ஜன்னலை மூடினேன். துணியால் மூடியைத் துடைத்தேன், ஏதோ ரேகை எடுக்க போலீஸ் வரப்போகிற மாதிரி.

வியாழக்கிழமை வந்தாள். "ஃபேன் சத்தமே இல்லண்ணா!" என்று சந்தோஷமாகத் திறந்தாள். தேடினாள். மறுபடி தேடினாள்.

"ண்ணா, மலை ஃபைலக் காணோம்."

"டிஸ்க்கு பழசாச்சிம்மா." ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் பார்த்துச் சொல்கிற குரலில் சொன்னேன். "சூட்டுல அடி வாங்கியிருக்கும். இந்த மாதிரி சில சமயம் அதுவா போயிடும்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரல் மட்டும் கீபோர்டில் ஏதோ ஒரு கட்டையை நாலைந்து தடவை தட்டியது. பதற்றத்தில் தட்டுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஏதோ ஒரு வரி அடித்தாள், மெதுவாக. மூடியைச் சாத்தினாள்.

"சரிண்ணா. எவ்ளோ?"

"வேணாம்மா, விடு."

"இல்லண்ணா, வாங்கிக்கோங்க. ஃபேன நல்லா மாத்தியிருக்கீங்க. ஃபேனுக்கு வாங்கிக்கோங்க."

கழுத்துப் பென்டிரைவில் நகல் இருந்தது. ஆனால் அவள் நகல் எடுப்பது பொங்கலுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று. அதில் கள்ளக்குறிச்சி வரைக்கும்தான் ரயில் இருந்தது. மலை மொட்டையாக நின்றது.

வெள்ளிக்கிழமை அவள் அப்பா வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு பை நிறைய மரவள்ளிக் கிழங்கு. கடையில் கூடியிருந்தவர்களிடம் அவள், "ஃபைலு போயிடுச்சிங்க" என்று மட்டும் சொன்னாள். எப்படிப் போனது என்று சொல்லவில்லை. கேசரி எல்லாருக்கும் தொண்டையில் நின்றது. பெரியவருக்கு முக்காலி போட்டு, சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு வருகிற ரயிலைக் காட்டினாள். அவர் குனிந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இதான் ரயிலா? பூரான் கணக்கா போவுது."

"ஆமாம்பா."

"மேல வராதா?"

"வரும்பா. பஸ்ஸே எத்தினி வருஷம் கழிச்சி வந்துச்சி? ரெண்டு மாசம் குடு."

"வரட்டும், வரட்டும்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "மிஷின சரி பண்ணி குடுத்தது நீங்களாங்க? பாப்பா சொல்லுச்சி." பையிலிருந்து இரண்டு கை கிழங்கை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். வேகாது என்று எதிர்பார்த்தேன். பூவாக வெந்தது. என் மனைவி, "இவ்ளோ நல்ல கிழங்கு எங்க கெடச்சிது?" என்று மூன்று தடவை கேட்டாள். நான் இரண்டு துண்டுக்கு மேல் சாப்பிடவில்லை. சரி, நாலு.

அடுத்த திங்கள்கிழமை சாயங்காலம் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ண்ணா, சும்மாதான இருக்கீங்க? வந்து தண்டவாளம் போடுங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

"கத்துக்கலாம். வாங்க."

அந்த 'வாங்க'வில் மறுப்பதற்கு இடம் இல்லை. போய் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தினமும் அஞ்சு மணிக்கு எனக்கு அங்கே டியூட்டி. அவள் நகல் எடுப்பாள், நான் மலையில் தண்டவாளம் போடுவேன். ஒரு துண்டு தப்பினால் ரயில் பின்னுக்கு வந்துவிடும். "இந்த வளைவுல ரயிலு படுத்துக்கும்ணா. எடுத்துட்டு திரும்பப் போடுங்க" என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். என் வாழ்க்கையில் எந்த முதலாளியும் என்னிடம் அவ்வளவு வேலை வாங்கியதில்லை. பெருந்தன்மையாக உதவுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீ மாஸ்டர், "இன்னா தம்பி, ரயில்வேயில சேந்துட்டியா?" என்றார். அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. மூன்றாவது வளைவில் ஒரு கணக்கு இடித்துக்கொண்டிருந்தது, அது ஓடிக்கொண்டிருந்தது மண்டையில். என் மிஷினில் ஏழு கலர் விளக்கு தூசி படிந்து நாலு கலராகிவிட்டது.

தை பிறந்து பத்து நாளைக்குள் வெள்ளிமலைக்கு ரயில் ஏறியது. அவள் அப்பா மறுபடி வந்து பார்த்தார். மறுபடி கேசரி, இந்தத் தடவை இறங்கியது. "நம்ம வூட்டாண்ட நிக்குமா?" என்று கேட்டார். அங்கே ஒரு ஸ்டேஷன் வைத்தாள். நான் அழாமல் இருப்பதற்காக முந்திரியைத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் போன பிறகு அவள் கேட்டாள். "ண்ணா, உங்க பேருக்கு ஒண்ணு வைக்கட்டுமா?"

மூன்று வருடமாகக் காத்திருந்த கேள்வி. வாய் வரைக்கும் வந்தது, அந்த 'வை'. ஆனால் வந்தது என்னவோ, "வேணாம்மா."

"ஏண்ணா?"

"நமக்கு இந்த விளம்பரமெல்லாம் புடிக்காது."

அவள் சாவியைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இன்னும் ஏதாவது சொல்வேன் என்பது போல. நான் எழுந்து, கரண்ட் பில் கட்ட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். பில்லை முந்தின நாளே கட்டியாயிற்று.

மறு வருடம் அவளுக்கு அரசு வேலை கிடைத்தது. தெற்கே எங்கோ ஒரு அலுவலகத்தில் தட்டச்சர். கடையை எடுத்துவிட்டாள். போகிற அன்று அந்தப் பழைய லேப்டாப்பை என் மேஜையில் வைத்தாள். "ஸ்பேர் பார்ட்ஸுக்கு வெச்சிக்கோங்கண்ணா. பாஸ்வேர்டு எடுத்துட்டேன்." அவள் ஒரு பொருளை இன்னொருவர் கையில் விட்டுவிட்டுப் போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மேல் அலமாரியில் தூக்கிப் போட்டேன். அவள் இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை. ஓட்டையை அடைத்துவிட்டேன், ஈ வருகிறது.

போன மாதம் ஒருவர் அதே மாதிரி லேப்டாப்போடு வந்தார். கீபோர்டு போய்விட்டது, பழையது இருந்தாலும் போதும் என்றார். அலமாரியிலிருந்து அவளுடையதை இறக்கினேன். பிரிப்பதற்கு முன்னால் கட்டைகள் வேலை செய்கின்றனவா பார்க்க வேண்டும். ஆன் செய்தேன். நான் மாற்றிய விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. கறுப்பு ஜன்னல் வந்தது. ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே வந்தேன். மேல் அம்புக்குறியைத் தட்டினேன்.

அவள் கடைசியாக அடித்த வரி வந்தது. இன்னொரு தட்டு, அதற்கு முந்தையது. அப்புறம் கை நிற்கவில்லை. வரிகள் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. நடுநடுவே ஹேஷ் போட்டு அவள் தனக்கு எழுதியவை. அப்பாவுக்குக் கண் ஆஸ்பத்திரி புதன்கிழமை. அரிசி டப்பா பென்டிரைவ மாத்தணும். இன்னிக்கி பக்கத்து அண்ணன் மூணாவது வளைவ நல்லா போட்டாரு. இதைப் படித்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. தட்டிக்கொண்டே மேலே போனேன்.

அதற்குப் பிறகு ஒரு ஹேஷ் வரி வந்தது. 'பக்கத்து கடை அண்ணன் வேலை. கேக்கக் கூடாது. தண்டவாளம் போட வைக்கணும். தானா சொன்னா ஸ்டேஷன் வைக்கணும்.'

இன்னொரு தட்டு. நான் அடித்த கட்டளை. அதற்கு மேலே நான் தப்பாக அடித்த இரண்டும், வரிசையாக, ஒரு எழுத்து குறையாமல்.

எதையும் மறக்காது என்று அவள் என்னிடமே சொன்ன ஜன்னலில்தான் நான் கைவைத்திருக்கிறேன். அந்த வியாழக்கிழமை என் எதிரில் நின்று அவள் விரல் தட்டியது இந்த அம்புக்குறியைத்தான். அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு விசிறிக்குக் கூலி கொடுத்திருக்கிறாள். அப்பாவிடம் என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறாள். இரண்டு மாதம் தினமும் பக்கத்தில் உட்காரவைத்து, நான் இடித்ததை என் கையாலேயே கட்ட வைத்திருக்கிறாள். எனக்கு வெட்கம் வரவேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது, பழக்க தோஷம், பொறாமைதான். என்னிடம் இப்படி ஒரு ரகசியம் இருந்திருந்தால் டீ மாஸ்டரிடம் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

ரயில் விளையாட்டைத் திறந்தேன். நெட்டைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, திறந்தது. சின்னசேலத்திலிருந்து பூரான் ஊர்ந்து வந்தது. டீ மாஸ்டர், நாய், கச்சிராயபாளையம் எல்லாம் தாண்டி மலை ஏறியது. மூன்றாவது வளைவில் நின்றது. நான் போட்டபோது அங்கே ஸ்டேஷன் கிடையாது. இப்போது ஒரு சின்ன பிளாட்பாரம் இருந்தது. பேர்ப்பலகையில் பேர் இல்லை, ஒரு கோடு மட்டும்.

பலகையைத் தொட்டால் பேர் எழுதுகிற பெட்டி திறக்கிறது. நானே அடித்துக்கொள்ளலாம். லேப்டாப் என்னுடையது, பாஸ்வேர்டும் இல்லை, தடுக்க ஆளில்லை. இரண்டு எழுத்து அடித்தேன், அழித்தேன். கீபோர்டு கேட்டவரிடம் ஸ்டாக் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, தானாகத்தான் சொல்கிறேன். ஃபைலை அழித்தது நான். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் நன்றாக இருக்கிறது. இந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அவள் அலுவலகத்துக்கு அனுப்பப் போகிறேன். பேர் வைக்க வேண்டியது அவள்.

பலகை மட்டும் நாயுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.